தாழ்மை வழி ஒருமை: தரங்கம்பாடி அறிக்கையும் அதன் பின்வந்த நூற்றாண்டும்

கிறிஸ்தவ இறையியலில் திருச்சபையின் ஒருமைப்பாட்டை ஒரு தலைப்பின்கீழும் விசுவாசியின் தாழ்மையை வேறொரு தலைப்பின்கீழும் வைத்துப் பேசுவது நெடுநாள் வழக்கமாக இருந்துவருகிறது. முன்னது சபை மன்றங்களிலும் இறையியல் கல்லூரிகளிலும் தீர்மானங்களாகவும் திட்டங்களாகவும் விவாதிக்கப்படுகிறது. பின்னது தவக்காலப் பிரசங்கங்களிலும் தனி ஜெபத்திலும் உள்ளத்தின் பண்பாகப் போதிக்கப்படுகிறது. புதிய ஏற்பாடு இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதத்தின் 2ஆம் அதிகாரத்தில், விசுவாசிகள் ஒருமனப்பட்டிருக்க வேண்டும் என்ற வேண்டுகோளும், ஒவ்வொருவரும் அடுத்தவரைத் தமக்கு மேலாக வைத்து மதிக்க வேண்டும் என்ற அறிவுரையும் ஒரே மூச்சில் வருகின்றன; இரண்டாவது இல்லாமல் முதலாவது நிறைவேறாது என்பதே அப்பகுதியின் கட்டமைப்பு. தென்னிந்தியாவில் 1919 முதல் 1947 வரை நடந்த திருச்சபை இணைப்பின் வரலாறு, அதற்கு முன்னும் பின்னும் சாதி குறித்து அச்சபைகள் நடந்துகொண்ட வரலாறு ஆகிய இரண்டையும் சேர்த்து வாசித்தால், யாரோ ஒருவர் தம் மேன்மையைக் கைவிட்ட தூரத்துக்கே ஒருமைப்பாடும் சென்றிருக்கிறது என்பது தெளிவாகும். இச்சொற்பொழிவு அவ்வாசிப்பை முன்வைக்கிறது.

பிலிப்பி நகரம் மக்கெதோனியாவில் இருந்த ரோமக் குடியேற்றம். படைப் பணி முடித்த வீரர்களுக்கு நிலம் அளித்துக் குடியமர்த்திய ஊர். ரோமக் குடியுரிமையும் பதவிப் படிகளும் அங்கே எவ்வளவு பெரிதாக மதிக்கப்பட்டன என்பதற்கு, ஒருவர் வகித்த பதவிகளையெல்லாம் வரிசையாகப் பொறித்துவைத்த அவ்வூர்க் கல்வெட்டுகளே சான்று. அப்படிப்பட்ட ஊரில், இரத்தாம்பரம் விற்ற லீதியாளின் வீட்டாரும் சிறைச்சாலைக்காரனின் வீட்டாரும் ஒரே சபையாகக் கூடினர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரம் கூறுகிறது. தாழ்மை என்பது அக்காலச் சமூகத்தின் பார்வையில் போற்றத்தக்க பண்பாக இருக்கவில்லை. அது அடிமைக்கு உரிய நிலை, தன்மானமுள்ள குடிமகன் விலகி நிற்க வேண்டிய இழிவு. அந்த மதிப்பீட்டின் நடுவில்தான், கடவுளுக்கு இணையான நிலையைப் பற்றிக்கொண்டிராமல் அடிமையின் வடிவெடுத்து, அடிமைகளுக்கு விதிக்கப்பட்ட சிலுவைச் சாவுவரை இறங்கிய கிறிஸ்துவைப் பவுல் சபைக்கு முன்மாதிரியாக நிறுத்துகிறார். இறையியலார் இதனைக் கிரேக்கச் சொல்லால் கெனோசிஸ் என்பர். தன்னைத்தானே வெறுமையாக்கிக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். இவ்வளவு உயர்ந்த கிறிஸ்தியலை எழுதிய அதே கடிதத்தில், எயோதியாள், சிந்திகேயாள் என்னும் இரு பெண்களைப் பெயர் சொல்லி அழைத்து, அவர்கள் மனவேற்றுமையைத் தீர்த்துக்கொள்ளுமாறு வேண்டுவதற்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

கொரிந்து சபையில் நேர்ந்தது இதன் மறுபக்கம். அங்கே வசதி படைத்தோர் முன்னரே கூடி உண்டு குடித்து முடித்துவிட, இல்லாதோர் பசியோடு நின்றனர். அப்படி நடந்த கூட்டத்தைக் கர்த்தருடைய இராப்போஜனம் என்று ஏற்கவே பவுல் மறுத்துவிட்டார். திருச்சபை ஒன்றாக இருக்கிறதா என்பதற்கான சோதனை, அதன் விசுவாச அறிக்கையில் இருப்பதைவிடக் கூடுதலாக அதன் பந்தியில் இருக்கிறது என்பதை இப்பகுதியிலிருந்து தெரிந்துகொள்ளலாம். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்பட்டதில்லை. யார் யாரோடு அமர்ந்து உண்கிறார்கள் என்பதைக் கொண்டே மனிதரின் நிலையை அளந்துவந்த சமூகத்தில்தான் அவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

இணைப்பின் வரலாற்றுக்குள் நுழையுமுன், தென்னிந்தியச் சீர்திருத்த சபைகளின் பிரிவுகள் எவ்வாறு அமைந்தன என்பதை விளக்குவது பொருத்தம். மிஷன் சங்கங்கள் ஒன்றன் பகுதியில் மற்றொன்று நுழைவதில்லை என்று தமக்குள் எல்லை பிரித்துக்கொண்டன. அதனால் நாகர்கோவில், நெய்யூர் வட்டாரத்தில் லண்டன் மிஷனும், மதுரை, திண்டுக்கல் பகுதியில் அமெரிக்கன் மதுரை மிஷனும், வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் அமெரிக்கச் சீர்திருத்த சபையின் ஆற்காடு மிஷனும், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதியில் ஸ்காட்லாந்து மிஷனும், மன்னார்குடி, நாகப்பட்டினம் பகுதியில் வெஸ்லியன் மிஷனும் பணியாற்றின. திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் சபையே எஸ்.பி.ஜி. என்றும் சி.எம்.எஸ். என்றும் இரு சங்கங்களாக நின்றது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் தனியே வேரூன்றியது. ஆகவே ஒரு கிராமத்து விசுவாசி பேராயரை ஏற்கும் சபையைச் சேர்ந்தவரா, மூப்பர் மன்றம் ஆளும் பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்தவரா, ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே ஆளும் காங்கிரிகேஷனல் மரபைச் சேர்ந்தவரா என்பது அவர் ஆராய்ந்து எடுத்த முடிவாக இருக்கவில்லை. அவர் ஊருக்கு எந்தச் சங்கம் வந்தது என்பதே அதைத் தீர்மானித்தது. நாகர்கோவிலில் திருவிருந்து பெற்றுவந்தவர் பிழைப்புக்காகப் பாளையங்கோட்டைக்குக் குடிபெயர்ந்தால், பேராயர் கைவைத்து அளிக்கும் திடப்படுத்தல் பெறாதவர் என்ற காரணத்தால் அங்கே திருவிருந்துக்கு உரியவராக ஆகாமல் போகலாம். ஐரோப்பாவின் 16, 17ஆம் நூற்றாண்டுப் பூசல்கள் இவ்வாறு தாமிரபரணிக் கரையில் தடையாக வந்து நின்றன.

இத்தடைகளைக் குறைக்கும் முயற்சிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சபைகளுக்குள் தொடங்கின. 1901இல் பிரெஸ்பிட்டேரியன் சபைகளும், 1905இல் காங்கிரிகேஷனல் சபைகளும் தத்தமக்குள் இணைந்தன. 1908இல் இவ்விரு தொகுதியும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை உருவாயிற்று. பேராயர் ஆட்சியுள்ள ஆங்கிலிக்கன் சபை மட்டும் இவ்வட்டத்துக்கு வெளியே இருந்தது.

அவ்வெல்லையைக் கடந்தது தரங்கம்பாடி மாநாடு. 1919ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், டோர்னக்கல் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் தென்னிந்திய ஐக்கிய சபையின் வி. சந்தியாகும் முன்னின்று கூட்டிய அம்மாநாட்டில் 33 ஊழியர்கள் கூடினர். அவர்களில் இருவர் தவிர மற்ற அனைவரும் இந்தியர். மே 2ஆம் நாள் அவர்கள் வெளியிட்ட அறிக்கை, உலகப் போர் முடிந்த கையோடு, சமாதானத்துக்கு ஏங்கிய உலகின் முன் சபைகள் பிரிந்து நிற்பதன் அவலத்தைச் சுட்டியது. இந்தியாவின் மக்கள்தொகையில் கிறிஸ்தவர் மிகச் சிறு பகுதியினராக இருக்கையில், தாங்கள் உண்டாக்காத, வெளியிலிருந்து தங்கள்மேல் வந்து விழுந்த பிரிவுகளால் பலவீனப்பட்டிருப்பதை அது வெளிப்படையாகச் சொன்னது. இணைப்புக்கு அடிப்படையாக, 1888இல் லாம்பத் மாநாட்டில் ஆங்கிலிக்கன் பேராயர்கள் வகுத்த நான்கு கூறுகள் முன்மொழியப்பட்டன: திருமறை; அப்போஸ்தலர், நிசேயா விசுவாச அறிக்கைகள்; ஞானஸ்நானம், திருவிருந்து ஆகிய இரு திருச்சடங்குகள்; அப்போஸ்தலர் காலந்தொட்டுக் கைவைத்தல் வழியாகத் தொடர்ந்துவரும் பேராயர் ஊழியம். நான்காவது கூறு அரசியலமைப்பு முறைக்கு உட்பட்டதாக, மன்னரைப்போல் ஆளாத பேராயர் என்ற வரையறையோடு ஏற்கப்பட்டது. சபையார் அனைவரின் பங்கு, மன்றத்தின் பங்கு, பேராயரின் பங்கு ஆகிய மூன்றும் திருச்சபைக்குத் தேவை என்று அறிக்கை கூறியதன் உட்பொருள், எந்த ஒரு மரபும் தன்னிடம் முழுமை இருப்பதாக இனி உரிமை கொண்டாட முடியாது என்பதே.

பிரிவுகள் அனைத்தும் வெளியிலிருந்து வந்தவை என்ற அவ்வறிக்கையின் கூற்று, இறக்குமதியான சபைப் பெயர்களைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் தமிழ்நாட்டிலேயே பிறந்த பிரிவுகளும் இருந்தன. அவற்றை அறிக்கை தொடவில்லை. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி வேற்றுமையை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சை, திருச்சி, சென்னை வேப்பேரி சபைகளில் அதுவரை வேளாளக் கிறிஸ்தவரும் தலித் கிறிஸ்தவரும் தனித்தனியே அமர்ந்தனர்; திருவிருந்திலும் யார் முன், யார் பின் என்ற வரிசை இருந்தது. சுற்றறிக்கைக்குப் பின் உயர்சாதியினராகத் தம்மைக் கருதியோர் பலர் ஆராதனையைப் புறக்கணித்தனர். 1840களில் லைப்சிக் லுத்தரன் மிஷன் வந்து, சாதி வழக்கங்களை விட்டுப்பிடிக்கும் போக்கை மேற்கொண்டபோது அவர்களில் பலர் அங்கே போய்ச் சேர்ந்தனர். காவிரிப் பகுதியில் ஆங்கிலிக்கன் சபைக்கும் லுத்தரன் சபைக்கும் இடையில் விழுந்த கோட்டின் ஒரு பகுதி, திருவிருந்து குறித்த ஜெர்மானிய, ஆங்கிலேயக் கோட்பாட்டு வேறுபாட்டால் விழுந்ததன்று. பக்கத்தில் அமர மறுத்ததால் விழுந்தது. இது கசப்பான உண்மை. எனினும் திருச்சபை வரலாற்றை எழுதுவோர் இதனை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடக் கூடாது.

இரண்டாவது எடுத்துக்காட்டு எதிர்த் திசையிலிருந்து வருகிறது. 1857இல் நாசரேத்துக்கு அருகிலுள்ள பிரகாசபுரத்தில் அருமைநாயகம் சட்டாம்பிள்ளையின் தலைமையில் இந்து கிறிஸ்தவ சபை என்ற தனிச் சபை தோன்றியது. மிஷனரியோடு ஏற்பட்ட மோதல் அதற்கு உடனடிக் காரணம். மிஷனரி கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூல் தங்கள் நாடார் சமூகத்தை இழித்துக் காட்டிற்று என்ற மனக்காயம் அப்பிரிவை ஆழப்படுத்திய காரணங்களுள் ஒன்று. ஐரோப்பிய மிஷனரியின் தலையீடே வேண்டாம் என்று ஒதுங்கிய அச்சபை, ஓய்வுநாளைச் சனிக்கிழமையாக்கி, பழைய ஏற்பாட்டு வழக்கங்களைத் தேடி எடுத்துக்கொண்டது. முதல் பிளவில் தமிழ்க் கிறிஸ்தவரின் சாதிப் பெருமையும், இரண்டாவது பிளவில் வெள்ளையரின் இனப் பெருமையும் வேலை செய்தன. கோட்பாட்டுப் பேச்சுவார்த்தை எதுவும் இவ்விரு பிளவையும் ஆற்றியிருக்க முடியாது. இறங்கிவர வேண்டியவர்கள் இறங்கிவந்திருந்தால் இவை நேர்ந்தே இரா.

அசரியாவின் வாழ்க்கை இவ்விரு பெருமைகளுக்கும் எதிராக நின்றது. 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் ஆயர் தாமஸ் வேதநாயகத்தின் மகனாகப் பிறந்த அவர், ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகப் பணியாற்றிய நாட்களில், 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கமும் 1905இல் தேசிய மிஷனரி சங்கமும் உருவாவதற்கு முன்னின்றார். இந்தியர் பணத்தால் இந்தியரே நடத்தும் ஊழியம் என்பது அவற்றின் கொள்கை. பிறருக்குச் சங்கம் அமைத்துக் கொடுத்ததோடு நில்லாமல், 1909இல் தாமே நிஜாம் ஆட்சிப் பகுதியிலிருந்த டோர்னக்கலுக்குச் சென்று, முப்பது வயதைக் கடந்த நிலையில் தெலுங்கு கற்று, மாலா, மாதிகா என்னும் தலித் மக்களிடையே பணியைத் தொடங்கினார். 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், மிஷனரிகள் உழைப்பையும் பொருளையும் வாரி வழங்கினாலும் இந்திய ஊழியரோடு நட்பு பாராட்டுவதில்லை என்பதை அவர் துணிந்து எடுத்துரைத்தபோது மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். நாடார் குலத்தில் பிறந்து, கிறிஸ்தவக் கல்வியால் முன்னேறிய சமூகத்தின் பிரதிநிதியாக உயர்ந்த ஒருவர், கிராமம் கிராமமாக மாட்டுவண்டியில் போய்த் தலித் மக்களோடு வாழ்ந்து, மாலாக்களும் மாதிகாக்களும் தங்களுக்குள் பாராட்டிய வேற்றுமையையும் ஒரே பந்தியில் கரைக்கப் பாடுபட்டார் என்பதே அவர் ஒருமைப்பாட்டைப் பற்றிப் பேசிய பேச்சுக்குக் கனம் சேர்த்தது.

தரங்கம்பாடி மாநாட்டை அடுத்து நடந்த பேச்சுவார்த்தை இருபத்தெட்டு ஆண்டுகள் நீண்டது. 1920இல் பெங்களூரில் இணைப்புக் குழு முதன்முறை கூடியது. 1925இல் வெஸ்லியன் மெதடிஸ்ட் சபை சேர்ந்துகொண்டது. 1929இல் முதல் திட்டம் அச்சாயிற்று. பசுமலையின் ஜே. ஜே. பன்னிங்கா குழுவின் செயலாளராக ஓயாது உழைத்தார். தீராத கேள்விகளில் முதன்மையானது இது: பேராயர் கைவைக்காமல் குருப்பட்டம் பெற்றிருந்த போதகர்களை இணைந்த சபை எவ்வாறு ஏற்பது? மறுபடியும் கைவைக்க வேண்டும் என்று ஆங்கிலிக்கன் சபையில் ஒரு சாரார் வாதிட்டனர். அவ்வாறு செய்தால், இதுநாள்வரை தாங்கள் அளித்த திருவிருந்து செல்லாதது என்று ஒப்புக்கொள்வதாகுமே என்று மற்ற இரு சபைகளின் போதகர்களும் மறுத்தனர். ஒருவர்மேல் ஒருவர் கைவைத்து ஒருவருக்கொருவர் அதிகாரம் வழங்கும் இடைவழிகளும் ஆலோசிக்கப்பட்டுக் கைவிடப்பட்டன. அச்சடங்குக்கு ஒவ்வொரு தரப்பும் வெவ்வேறு பொருள் கொள்ளும், அப்படிப்பட்ட இரட்டைப் பொருளின்மேல் சபையைக் கட்டுவது நேர்மையாகாது என்பது காரணம். குருப்பட்டம் பெறாத மூப்பர் திருவிருந்தை நடத்தலாமா என்ற காங்கிரிகேஷனல் தரப்பின் கேள்வியும் பல ஆண்டுகளை எடுத்துக்கொண்டது.

இறுதியில் எட்டப்பட்ட உடன்பாட்டில் ஒவ்வொரு தரப்பும் தான் மிக அருமையாகக் கருதியதையே விட்டுக்கொடுத்தது. மூன்று சபைகளின் ஊழியர்களும் எந்த மறுசடங்கும் இன்றி அப்படியே ஏற்கப்படுவர்; இணைப்புக்குப் பின் குருப்பட்டம் அனைத்தும் பேராயராலேயே வழங்கப்படும்; இடைக்காலமாக முப்பது ஆண்டுகள் கடந்தபின் விதிவிலக்குகளைச் சபை தானே ஆராய்ந்து முடிவு செய்யும்; மனச்சாட்சி ஏற்காத ஊழியரை எந்தச் சபையின்மேலும் திணிப்பதில்லை என்ற உறுதிமொழி அனைவரையும் கட்டுப்படுத்தும். பேராயரே வேண்டாம் என்று கடல் கடந்து ஓடிய முன்னோரின் மரபில் வந்தவர்கள் பேராயரை ஏற்றார்கள். பேராயர் இல்லாத ஊழியம் குறையுடையது என்று கற்பிக்கப்பட்டவர்கள், அந்த ஊழியரின் கையிலிருந்து அப்பமும் இரசமும் பெறச் சம்மதித்தார்கள். உலக ஆங்கிலிக்கன் உறவில் தங்களுக்கிருந்த முழு இடமும் பறிபோகும் என்று தெரிந்தே சம்மதித்தார்கள். 1943இல் மெதடிஸ்டுகளும், 1945 ஜனவரியில் ஆங்கிலிக்கன் பொது மன்றமும், 1946இல் தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒப்புதல் அளித்தன. ஆங்கிலிக்கன் மன்றம் முடிவெடுத்த அதே ஜனவரி மாதத்தின் முதல் நாளில் அசரியா காலமாகிவிட்டார்.

நாடு விடுதலை பெற்ற ஆறு வாரங்களில், 1947 செப்டம்பர் 27ஆம் நாள், சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கிவைக்கப்பட்டது. திருவிதாங்கூர் கொச்சிப் பேராயர் சி. கே. ஜேக்கப் தலைமை தாங்கினார். 14 திருமண்டலங்களோடு தொடங்கிய இச்சபையில் அன்றே ஒன்பது புதிய பேராயர்கள் திருநிலைப்படுத்தப்பட்டனர். அவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணத்தின் சபாபதி குலேந்திரன், மற்றொருவர் காஞ்சிபுரத்தில் ஸ்காட்லாந்து மிஷன் போதகராக இருந்து மதுரை இராமநாதபுரம் பேராயரான லெஸ்லி நியூபிகின். பேராயர் பதவியே இல்லாத பிரெஸ்பிட்டேரியன் சபையில் வளர்ந்தவர், காங்கிரிகேஷனல் மரபு ஊறிய மதுரை மண்ணில் பேராயராக நிற்க நேர்ந்ததைவிட இணைப்பின் இயல்பை எடுத்துக்காட்டும் செய்தி வேறில்லை. இதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன் மக்களில் ஒரு பிரிவினர் வெளியே நின்றுவிட்டனர். 1948இல் கூடிய லாம்பத் மாநாடு புதிய சபைக்கு முழு அங்கீகாரம் அளிக்கவில்லை. பேராயர் ஆட்சி உள்ள சபைகளும் இல்லாத சபைகளும் உலகிலேயே முதன்முதலாக ஒன்றாகிய இந்நிகழ்வைத் தாய்ச் சபைகளே தயக்கத்தோடு பார்த்தன என்பது, இங்கிருந்தோர் எடுத்த முடிவின் துணிவை இன்னும் உயர்த்திக் காட்டுகிறது.

1950இல் வெளியான இச்சபையின் திருவிருந்து ஆராதனை முறையில் ஒரு சிறு செயல் சேர்க்கப்பட்டது. கேரளத்துச் சீரியன் கிறிஸ்தவ மரபிலிருந்து எடுக்கப்பட்ட சமாதானம் கொடுத்தல் என்னும் அச்செயலில், ஆயர் தொடங்கிவைக்க, ஒருவர் கூப்பிய கைகளை அடுத்தவர் தம் இரு கைகளுக்குள் வாங்கி, அவர் தமக்கு அடுத்தவருக்கு அதையே செய்ய, ஆலயம் முழுவதும் அது பரவுகிறது. தொடுகையையே தீட்டாகக் கருதிய நாட்டில், திருவிருந்துக்கு முன் பக்கத்திலிருப்பவரின் கையைத் தொட்டாக வேண்டும் என்று ஆராதனை ஒழுங்கிலேயே எழுதிவைத்தது, இணைந்த சபை செய்த மிகச் சிறந்த செயல்களில் ஒன்று.

எளிய வாழ்வை நேரடியாகத் தேடியவர்கள் மன்றங்களுக்காகக் காத்திருக்கவில்லை. பாளையங்கோட்டையைச் சேர்ந்த மருத்துவர் சவரிராயன் இயேசுதாசனும், ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினர். மிஷனரி என்ற மேல்நிலையும் உதவியாளர் என்ற கீழ்நிலையும் அங்கே கிடையாது. மூத்தவர் பெரியண்ணன், இளையவர் சின்னண்ணன், அவ்வளவே. கதர் உடையும் மரக்கறி உணவும் மணம் புரியாத வாழ்வும் நோயாளிகளுக்கான மருத்துவமனையும் அவர்கள் ஏற்ற நெறி. திராவிடக் கோயில் கட்டட மரபில் அவர்கள் எழுப்பிய ஜெபாலயம் இன்றும் நிற்கிறது. செல்வக் குடும்பத்தில் பிறந்த பேட்டன் கதர் உடுத்தியதைக் காலனி ஆட்சி எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1930களின் தொடக்கத்தில், சட்ட மறுப்பு நாட்களில், சென்னைத் தெருவில் காவலரின் தடியடிக்கு அவர் ஆளானார். இந்திய ஊழியரோடு நட்பு இல்லை என்று எடின்பரோவில் எழுந்த குறைக்கு எந்தத் தீர்மானமும் இதைவிடத் தெளிவான பதிலைத் தந்ததில்லை. பெரியண்ணன் தமிழர், சின்னண்ணன் வெள்ளையர் என்ற வரிசையே பதிலாயிற்று.

இணைந்த சபைக்குள் சாதி தொடர்ந்து உயிரோடிருந்ததை மறைப்பதற்கில்லை. இருக்கைகளின் வேறுபாடு பல ஊர்களில் மறைந்தது. ஆனால் திருமண உறவிலும் திருமண்டலத் தேர்தலிலும் கல்லறைத் தோட்டத்திலும் அது புதிய இடம் தேடிக்கொண்டது. இதை இறையியலின் நடுவில் கொண்டுவந்து வைத்தவர்களுள் பரட்டை அண்ணன் என்று அறியப்பட்ட ஜே. தியாபிலஸ் அப்பாவு தனித்து நிற்கிறார். தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபைகளும் சேர்ந்து நடத்தும் மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அவர், நாட்டுப்புற மெட்டுகளையும் பறை முதலிய கருவிகளையும் ஆராதனைக்குள் கொண்டுவந்ததோடு, ஒரே உலை என்ற கருத்தையும் வளர்த்தெடுத்தார். தமிழ்க் குடும்பத்தில் அண்ணன் தம்பி பிரிந்தார்கள் என்பதற்கு அடையாளம் தனி உலை வைத்தலே. ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்போர் ஒரே குடும்பத்தார். கடவுளைப் பெற்றோராகக் கொண்ட பிள்ளைகள் திருவிருந்தில் ஒரு விள்ளல் அப்பத்தைப் பகிர்ந்துவிட்டு வீட்டில் தனித்தனி உலை வைத்தால், அந்தத் திருவிருந்து முற்றுப்பெறவில்லை என்பது அவர் போதனையின் சாரம். ஏழைகள் அரிசியையும் காய்கறியையும் கொண்டுவந்து சேர்த்துச் சமைத்து உண்ணும் உணவு அவருக்கு ஆராதனையின் தொடர்ச்சி. 2005இல் அவர் மறைந்தார். கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியதன் பொருளை அவரளவுக்கு ஆழமாகத் தமிழ் வாழ்க்கைக்குள் கொண்டுவந்த விளக்கவுரையாளர் அரிது. தலித் சமையலறையிலிருந்து எழுந்த இறையியல் என்பதாலேயே அவர் கருத்துக்குக் கல்லூரிக்கு வெளியே கிடைக்க வேண்டிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை என்று கருத இடமுண்டு.

இன்றைய நிலையை மதிப்பிடுகையில் இரண்டு செய்திகளைத் தவிர்க்க முடியாது. தரங்கம்பாடி அறிக்கை பிறந்த அதே 1919ஆம் ஆண்டில், அதே ஊரை வேராகக் கொண்டு உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை இன்றும் தனித்தே இயங்குகிறது. 1948இல் தொடங்கிய லுத்தரன் பேச்சுவார்த்தைகள் கோட்பாட்டளவில் பெரும் ஒற்றுமை கண்டும் இணைப்பில் முடியவில்லை. மற்றொன்று இதைவிட வருத்தத்துக்குரியது. மன்றத்தோடு கலந்து செயல்படும் ஊழியராக 1919இல் வரையறுக்கப்பட்ட பேராயர் பதவி, நிலமும் பள்ளிகளும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் ஒருங்கே குவியும் அதிகார இடமாக மாறி, அதற்கான தேர்தல்கள் சாதி அணிகளாகப் பிரிந்து நடத்தப்பட்டு, வழக்குகளாக நீதிமன்றப் படியேறுகின்றன. நான்கு மரபுகள் இருபத்தெட்டு ஆண்டு உழைத்துத் தம் மேன்மைகளை இறக்கிவைத்து உண்டாக்கிய பதவி, மேன்மை தேடுவோரின் இலக்காகிவிட்டது. சட்டத் திருத்தங்களால் மட்டும் இது சீராகாது. பதவிக்கு வருபவர் சொத்து நிர்வாகத்திலிருந்து விலகி நின்று, சேகரங்களில் தங்கி, உபதேசியாரின் வீட்டிலும் சேரியின் வீட்டிலும் உண்பதை வழக்கமாக்கிக்கொண்டால் பதவிக்கான போட்டி பெருமளவு தணியும் என்று எதிர்பார்ப்பது மிகையாகாது. அசரியா அவ்வாறு வாழ்ந்து காட்டினார் என்பதால் இது நடவாத கற்பனை என்று தள்ளிவிட முடியாது.

சபைகளின் இணைப்பைப் பொறுத்தவரை தென்னிந்தியா உலகத்துக்கு வழிகாட்டியது. பந்தியின் இணைப்பைப் பொறுத்தவரை அது இன்னும் தொடக்கத்திலேயே நிற்கிறது. முன்னதற்கு வேண்டியிருந்த விட்டுக்கொடுத்தலைப் பேராயர்களும் இறையியலாரும் செய்தார்கள். பின்னதற்கு வேண்டிய விட்டுக்கொடுத்தலை ஒவ்வொரு சேகரத்திலும் சாதியால் மேல் என்று எண்ணிக்கொண்டிருப்போரே செய்தாக வேண்டும். அவர்களுக்குப் பதிலாக வேறு எவரும் அதைச் செய்ய முடியாது. கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பகுதியாகப் பிரிக்கும் மதில் எந்தச் சேகரத்தில் இருக்கிறதோ, அந்தச் சேகரத்து மக்கள் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வரும்வரை காத்திராமல், அதை இடிப்பதற்கான தீர்மானத்தை அடுத்த சபைக் கூட்டத்திலேயே கொண்டுவர வேண்டும்.